சட்டம் கரையிறங்காத தீவு

வானிலிருந்து பார்த்தால் டியேகோ கார்சியா ஒரு காலடித் தடம் போலத் தெரியும். பாதத்தின் விளிம்பு மட்டும் நிலம், நடுவெல்லாம் கடல். கன்னியாகுமரியிலிருந்து தெற்கே சுமார் 1,800 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பவளத் தீவு அது. பறப்பது பிரிட்டிஷ் கொடி, இருப்பது அமெரிக்க ராணுவத் தளம். அந்தத் தளத்துக்கு அமெரிக்கப் படையினர் வைத்திருக்கும் செல்லப் பெயர் ‘சுதந்திரத்தின் காலடித் தடம்’.

2021 அக்டோபர் 3ஆம் தேதி அந்தத் தடத்தில் 89 இலங்கைத் தமிழர்கள் வந்திறங்கினார்கள். அவர்களில் 20 பேர் குழந்தைகள். கனடாவை நோக்கிப் புறப்பட்ட அவர்களுடைய மீன்பிடிப் படகு நடுக்கடலில் சிக்கலுக்குள்ளாக, பிரிட்டிஷ் கடற்படை அதைக் கரைக்கு அழைத்து வந்தது. கரையேறியவர்கள் தஞ்சம் கேட்டார்கள். சில நாட்களில் முடிந்திருக்க வேண்டிய அந்த நிறுத்தம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீண்டது.

மீன்பிடிப் படகில் கனடாவா என்று சிரிக்க வேண்டாம். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழர்களை அந்த ஊர் மீனவர்கள் மீட்டுக் கரைசேர்த்தார்கள். 2010இல் ‘சன் சீ’ என்ற சரக்குக் கப்பல் 492 தமிழர்களுடன் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தது. போய்ச் சேர்ந்தவர்கள் இருக்கும்வரை அடுத்த படகுக்கு ஆள் இருக்கும். இந்த 89 பேருக்கு நேர்ந்தது வேறு. அவர்கள் கனடாவுக்கும் போய்ச் சேரவில்லை, கடலிலும் மூழ்கவில்லை. சட்டம் எட்டாத ஒரு நிலத்தில் ஒதுங்கிவிட்டார்கள்.

அப்படி ஒரு நிலம் எப்படி உருவானது என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். 1965இல், மொரீஷியஸ் விடுதலை பெறுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, அதனிடமிருந்து சாகோஸ் தீவுக்கூட்டத்தைப் பிரிட்டன் தனியே வெட்டி எடுத்து, ‘பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதி’ என்று பெயரிட்டது. விலை 30 லட்சம் பவுண்டு. அடுத்த ஆண்டே டியேகோ கார்சியாவை ராணுவத் தளத்துக்காக அமெரிக்காவிடம் கொடுக்க ஒப்பந்தமானது. அங்கே ஆட்கள் இருந்தார்கள். தென்னந்தோப்புகளில் வேலை செய்யக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளின், இந்தியத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே புதைக்கப்பட்டவர்கள். 1968 முதல் 1973 வரை அவர்களை மொரீஷியஸுக்கும் செஷல்ஸுக்கும் கப்பலேற்றினார்கள். அவர்களுடைய வளர்ப்பு நாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். பறவைகளோடு சில ‘டார்சன்களும்’ அங்கே இருக்கிறார்கள் என்று ஒரு பிரிட்டிஷ் அதிகாரி 1966இல் கிண்டலாக எழுதிய கோப்புக் குறிப்பு பின்னாளில் வெளிவந்தது.

நிரந்தரக் குடிகளே இல்லாத இடம் என்று சொல்லிக்கொள்வதற்காக ஆட்களை அகற்றிய தீவு இது. குடிகள் இல்லையென்றால் குடியுரிமை பற்றிய கேள்வி இல்லை, வாக்குரிமை பற்றிய கேள்வி இல்லை, மனித உரிமை ஒப்பந்தங்களை நீட்டிக்கும் கட்டாயமும் இல்லை. ஆட்சி லண்டன் வெளியுறவு அலுவலகத்தில் இருக்கும் ஓர் ஆணையர் கையில். இங்கே வசிக்கும் உரிமை எவருக்கும் கிடையாது என்றே 2004ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஆணை சொல்கிறது. ஆட்களை அகற்றி ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்த வெற்றிடத்துக்குள்தான் படகு வந்து நின்றது.

இங்கே சொற்களைப் பற்றிக் கொஞ்சம். ‘அகதி’ என்பதும் ‘புகலிடம் கோருபவர்’ என்பதும் ஒன்றல்ல என்பார்கள். கோரிக்கை இன்னும் முடிவாகாதவர் புகலிடம் கோருபவர், முடிவாகி ஏற்கப்பட்டவர் அகதி. அலுவலக நடைமுறைக்கு இந்தப் பிரிப்பு சரிதான். ஆனால் சட்டத்தின் அடிப்படை வேறு மாதிரி. ஒருவரை அகதியாக்குவது அதிகாரியின் முத்திரை அல்ல. இனம், மதம், தேசிய இனம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றில் ஒன்றுக்காகத் தான் துன்புறுத்தப்படுவோம் என்று தக்க காரணத்தோடு அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறியவர் அந்த நிமிடத்திலேயே அகதி. அரசு அதைக் கண்டறிந்து ஒப்புக்கொள்கிறது, அவ்வளவுதான். இதனால்தான் கோரிக்கை நிலுவையில் இருக்கும்போதே அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது சட்டம். உண்மையிலேயே அகதியாக இருந்துவிட்டால் பிறகு திருத்த முடியாதே.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை இதோடு நிற்கவில்லை. நீதிமன்றத்தை அணுகலாம், வேலை செய்யலாம், பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி உண்டு, நாட்டுக்குள் நடமாடலாம், அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது, பயண ஆவணம் தர வேண்டும் என்று பட்டியல் போகிறது. அதே உடன்படிக்கையின் 40ஆம் பிரிவு ஒரு சன்னலையும் திறந்து வைத்திருக்கிறது. தான் ஆளும் வெளிப்பகுதிகளில் எவற்றுக்கு இது பொருந்தும் என்பதைக் கையெழுத்திடும் நாடே அறிவித்துக்கொள்ளலாம். காலனிகள் இருந்த காலத்துச் சலுகை அது. டியேகோ கார்சியாவுக்கு அந்த உடன்படிக்கையை நீட்டிக்கவில்லை என்பது பிரிட்டனின் நிலை. ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தையும் நீட்டிக்கவில்லை. மிஞ்சியது ஒன்றே ஒன்று: ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற பொதுவான சர்வதேச விதி. ஆகவே அங்கே நடந்த விசாரணையில் ‘நீங்கள் அகதியா?’ என்ற கேள்வியே எழவில்லை. ‘உங்களை இலங்கைக்கு அனுப்பலாமா, கூடாதா?’ என்பது மட்டுமே கேள்வி. கூடாது என்று முடிவானவர்களும் பிரிட்டனுக்கு வர முடியாது. ஏதோ ஒரு ‘பாதுகாப்பான மூன்றாம் நாடு’ கிடைக்கும்வரை அங்கேயே காத்திருக்க வேண்டியதுதான். கொல்லைப்புற வழியாகக் குடியேற்றம் நடந்துவிடக் கூடாது என்பது லண்டனின் கவலை.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஈரநிலங்களையும் நீர்ப்பறவைகளையும் காக்கும் ராம்சார் ஒப்பந்தம் டியேகோ கார்சியாவுக்குப் பொருந்தும். 2001 முதல் அந்தத் தீவு ராம்சார் பட்டியலில் இருக்கிறது. அங்குள்ள தென்னை நண்டுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. நண்டுக்குப் பாதுகாப்பு இருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஒப்பந்தங்கள் அந்தத் தீவின் கரையில் இறங்க முடியாமல் இல்லை, எதை இறக்குவது என்று யாரோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

வந்தவர்களை ‘தண்டர் கோவ்’ என்ற இடத்தில் ராணுவக் கூடாரங்களில் தங்கவைத்தார்கள். ஏறக்குறைய ஒரு கால்பந்து மைதானம் அளவு இடம், சுற்றிலும் வேலி, காவலுக்கு ஜி4எஸ் என்ற தனியார் நிறுவனத்தின் ஆட்கள். கொஞ்ச தூரத்தில் படங்களில் வருவது போன்ற கடற்கரை. கிழிந்த கூடாரத் துணியில் எலிகள் கூடு கட்டின. குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே இருந்தது வெறும் துணி. அந்த நெருக்கத்தில் குழந்தைகள் மீது பாலியல் அத்துமீறல் நடந்ததாகவும் புகார்கள் வந்தன. உணவு வந்தது, மருத்துவர் இருந்தார், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கவும் ஏற்பாடு இருந்தது. ‘எங்களுக்கு என்ன ஆகும், எப்போது?’ என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. பலர் உண்ணாவிரதம் இருந்தார்கள். சிலர் தற்கொலைக்கு முயன்றார்கள். 2022இல் மேலும் சில படகுகள் வந்தன. அவற்றில் வந்த சிலர் மறுபடி கடலில் இறங்கி, பிரான்ஸின் ஆளுகையில் உள்ள ரியூனியன் தீவுக்குப் போனார்கள். வேறு சிலர் இலங்கைக்கே திரும்பினார்கள்.

தற்கொலைக்கு முயன்றவர்களில் சிலரை 2023இல் சிகிச்சைக்காக ருவாண்டாவுக்கு விமானத்தில் அனுப்பினார்கள். அதே ஆண்டு நவம்பர் 15 அன்று, புகலிடம் கோருவோரை அனுப்புவதற்கு ருவாண்டா பாதுகாப்பான நாடு அல்ல என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பிரிட்டன் மண்ணில் கால்வைத்தவர்களை அனுப்பக் கூடாத நாட்டுக்கு, பிரிட்டன் ஆளும் தீவில் கால்வைத்தவர்களை அனுப்ப முடிந்தது. அந்த மாதக் கடைசியில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் குழு தீவுக்குச் சென்று பார்த்துவிட்டு, அங்கே நடப்பது எதேச்சையான தடுத்துவைப்பு என்ற முடிவுக்கு வந்தது.

இவ்வளவு துணிந்து இவர்கள் ஏன் கடலில் இறங்கினார்கள்? படகு புறப்பட்டது யாழ்ப்பாணத்திலிருந்து அல்ல, தென்னிந்தியக் கரையிலிருந்து. பயணிகளில் பலர் தமிழ்நாட்டு முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள். அதனால் கேள்வி நம் வாசலுக்கும் வருகிறது.

படகு தீவை அடைவதற்கு ஐந்து வாரங்கள் முன்பு, 2021 ஆகஸ்ட் 27 அன்று, தமிழ்நாட்டு முதல்வர் சட்டமன்றத்தில் இலங்கைத் தமிழர்களுக்காக 317 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்தார். 7,469 புதிய வீடுகள். குடும்பத் தலைவருக்கு மாத உதவித்தொகை 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500. கூடவே எரிவாயு இணைப்பு, கல்வி உதவித்தொகை. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. அப்போது 108 முகாம்களில் சுமார் 58,000 பேரும், முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு சுமார் 34,000 பேரும் இருந்தார்கள். பத்துக்குப் பத்து அடி அறையில் மூன்று தலைமுறை படுத்து எழுந்த இடங்களுக்கு இது உண்மையிலேயே பெரிய மாற்றம். இந்தியாவின் வேறெந்த மாநிலமும் அகதிகளுக்கு இந்த அளவு செய்ததாகச் சொல்ல முடியாது.

ஆனால் மாநில அரசால் தரக்கூடியது வீடும் பணமும்தான். குடியுரிமை டெல்லியின் கையில். இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. 2025 வரை நடைமுறையில் இருந்த 1946இன் வெளிநாட்டினர் சட்டத்தின் பார்வையில் ராமேசுவரம் கரையில் கைக்குழந்தையோடு இறங்கியவரும், விசா முடிந்தும் தங்கியிருக்கும் சுற்றுலாப் பயணியும் ஒரே வகையாகவே இருந்தார்கள். கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவர்கள் குடியுரிமைச் சட்டத்தின் மொழியில் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’. எத்தனை ஆண்டு இருந்தாலும் விண்ணப்பிக்கும் தகுதியே வராது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்கு அடுத்த நாள் அதே முகாமில், அதே கொட்டகையில் பிறந்த தம்பிக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளின் பெயரைச் சொன்னது. இலங்கையின் பெயரைச் சொல்லவில்லை.

2025 செப்டம்பரில் ஒரு சிறு அசைவு. புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணம் இல்லாமல் தங்கியிருப்பதற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. தண்டிக்க மாட்டோம் என்றாகிவிட்டது. உங்களுடைய நாடு என்று இன்னும் ஆகவில்லை.

முகாமில் பிறந்து, இங்கே பொறியியல் படித்து, கடவுச்சீட்டு இல்லாமல், வேலைக்கான நேர்முகத் தேர்வில் முகவரியைச் சொன்னதும் அறை அமைதியாகிவிடும் ஒரு இளைஞனை நினைத்துப் பாருங்கள். அவனுக்குப் பசி இல்லை. மேலே கூரை இருக்கிறது, இப்போது கான்கிரீட் கூரை. ஊரைவிட்டு வெளியே தங்கினால் அனுமதி கேட்க வேண்டும், மாதம் தவறாமல் ஆள் சரிபார்ப்புக்கு நிற்க வேண்டும். ஒரு தரகர் கனடா என்று சொல்லும்போது அவன் காதில் விழுவது பணம் மட்டுமல்ல. நலத்திட்டம் கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்தது, உரிமை அப்படியல்ல. இந்த வேறுபாட்டை அரசியல் கட்டுரை படித்து அவன் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பிரிட்டனுக்கும் தமிழர்களை இப்படி நடத்துவது புதிதல்ல. 1987 பிப்ரவரியில், திருப்பி அனுப்பப்பட இருந்த தமிழர்கள் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், விமானம் நிற்கும் தளத்தில் ஆடைகளைக் களைந்து, உள்ளாடையோடு குளிரில் நின்றார்கள். அந்தப் படம் உலகமெங்கும் போனது. அதே ஆண்டிலேயே, உரிய ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிவரும் விமான நிறுவனம் தலைக்கு 1,000 பவுண்டு அபராதம் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆடை களைந்தவர்களுக்கான பதில் விமானத்தின் கதவை அடைப்பதாக இருந்தது. இன்று விசா தேவைப்படும் நாட்டவர் எவரும் அது இல்லாமல் விமானம் ஏற முடியாது, தஞ்சம் கேட்பதற்கென்று ஒரு விசாவும் உலகில் அநேகமாக இல்லை. மனிதர்கள் ஏன் படகைத் தேடுகிறார்கள் என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கே இருக்கிறது.

அதே 1987இல்தான், பெரும்பாலும் தமிழர்களாக இருந்த புகலிடம் கோருவோரை ஹாரிச் துறைமுகத்தில் நின்ற ‘எர்ல் வில்லியம்’ என்ற பழைய பயணிகள் கப்பலில் அடைத்துவைத்தார்கள். அக்டோபரில் அடித்த பெரும்புயலில் கப்பல் கயிறறுந்து, உள்ளே இருந்தவர்களோடு மிதந்துபோய் மணல்திட்டில் மோதியது. கப்பல் சிறை அத்தோடு கைவிடப்பட்டது. டிசம்பரில், ஆறு தமிழர்களின் வழக்கில், அப்போது பிரிட்டனின் இறுதி நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ஒரு தீர்ப்பு சொன்னது. மனதில் அச்சம் இருந்தால் மட்டும் போதாது, அந்த அச்சம் நடக்கக்கூடியதுதான் என்பதற்கு நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவர்கள் தோற்றார்கள், திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிறகு மேல்முறையீட்டில் வென்று மறுபடி பிரிட்டனுக்கு வந்தவர்களும் அவர்களில் உண்டு. அந்த அளவுகோல் பிரிட்டிஷ் அகதிச் சட்டத்தின் அடிப்படைப் பாடமாகிவிட்டது.

புலம்பெயர்ந்த தமிழர்கள் இதைச் சுருக்கமாகக் ‘கேஸ்’ என்பார்கள். ‘கேஸ் என்ன ஆயிற்று?’ என்பது நலம் விசாரிப்பதற்கு இணையான கேள்வி. கேஸின் உயிர், கோரிக்கையைப் பற்றி அதிகாரி எடுக்கும் பேட்டியில் இருக்கிறது. இத்தனையாம் மாதம் பிடித்தார்கள் என்று முதலில் சொன்னவர் இரண்டாம் முறை மாதத்தை மாற்றிச் சொன்னால், ‘முரண்பாடு’ என்று குறிப்பு விழும். அடிபட்டவனின் நினைவு நாட்காட்டி போல வரிசையாக இருக்காது என்று மருத்துவர்கள் எவ்வளவோ சொல்லியும், நம்பத்தகாதவர் என்று கோரிக்கை நிராகரிக்கப்படுவதற்கு இது இன்றும் முக்கியமான காரணம். வழக்கறிஞர் உடன் இருப்பதும், மொழிபெயர்ப்பாளர் ஈழத்து வழக்கை அறிந்தவராக இருப்பதும் வசதிகள் அல்ல, உயிர்காக்கும் ஏற்பாடுகள். வணிக விமானமே இறங்காத தீவில் இவற்றுக்கு எங்கே போவது?

லண்டனில் இருந்த வழக்கறிஞர்கள் விடவில்லை. அந்த ஆட்சிப்பகுதிக்கென்று பெயருக்கு ஓர் உச்ச நீதிமன்றம் இருந்தது. அதிலேயே வழக்குப் போட்டார்கள். எங்களைப் பிடித்துவைத்திருப்பது சட்டவிரோதம் என்பது வழக்கு. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் தீவைவிட்டுப் போகலாமே என்பது எதிர்வாதத்தின் சாயல். எங்கே போவது? இலங்கைக்கு, அல்லது கடலுக்கு. விசாரணையைத் தீவிலேயே நடத்த நீதிபதி முடிவுசெய்தார். 2024 ஜூலையில் புறப்படும் நேரத்தில் அமெரிக்கா தடுத்தது. பாதுகாப்புக் காரணம், ஆகவே நீதிமன்றத்தினருக்குப் பயணமோ தங்குமிடமோ உணவோ தர முடியாது என்றது. தன் நாட்டுக் கொடி பறக்கும் இடத்துக்குத் தன் நீதிபதியை அழைத்துச் செல்லப் பிரிட்டனுக்கு இன்னொரு நாட்டின் தயவு வேண்டியிருந்தது. ஒருவழியாகச் செப்டம்பரில் விசாரணை நடந்தது. நீதிபதி மார்கரெட் ஓபி முகாமை நேரில் பார்த்தார்.

டிசம்பர் 16 அன்று தீர்ப்பு வந்தது. இவர்கள் மூன்று ஆண்டுகள் சட்டவிரோதமாக அடைத்துவைக்கப்பட்டிருந்தார்கள் என்றார் அவர். சிறையில் இருப்பதுபோல அவர்கள் உணர்வதில் வியப்பில்லை, பெயரில்தான் அது சிறை இல்லை, மற்றபடி அதுவேதான் என்று எழுதினார். கவனிக்க வேண்டியது, அகதிகள் உடன்படிக்கையைக் கொண்டு அவர் இதைச் சொல்லவில்லை. அது அங்கே இல்லையே. காரணமின்றி ஒரு மனிதனை அடைத்துவைக்கக் கூடாது என்ற, எந்த ஒப்பந்தத்தையும்விடப் பழைய ஆங்கிலேயச் சட்டக் கொள்கையே போதுமானதாக இருந்தது. சோறு போட்டோம், கூடாரம் கொடுத்தோம், மருத்துவம் பார்த்தோம் என்பது அந்தக் கேள்விக்குப் பதிலாகவில்லை.

தீர்ப்புக்கு இரண்டு வாரம் முன்பே அரசு வளைந்துகொடுத்துவிட்டது. முதலில் ருமேனியாவில் ஆறு மாதம் வைத்திருந்து பிறகு பிரிட்டன் என்று ஒரு யோசனை வந்தது, அது கைவிடப்பட்டது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், எஞ்சியிருந்த சுமார் 60 பேரில் சிலரைத் தவிர மற்றவர்கள் விமானத்தில் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கையில் குறுகிய கால அனுமதி மட்டும். அங்கே தஞ்சம் கேட்பவருக்கு அப்போது வாரப்படி 49 பவுண்டு 18 பென்ஸ். விண்ணப்பம் ஓராண்டுக்கு மேல் இழுத்தால் ஒழிய வேலை செய்ய அனுமதி கேட்கவும் முடியாது. மூன்று ஆண்டு காத்திருந்தவர்களுக்குக் கேஸ் அப்போதுதான் முதல் பக்கத்தில் தொடங்கியது. ஆனாலும் அந்தப் பக்கத்தின் மேல் ‘அகதி’ என்ற சொல்லை எழுத முடிந்தது.

முகாம் காலியாவதற்கு முன்பே அடுத்த படகுக்கான ஏற்பாடு முடிந்திருந்தது. இனி டியேகோ கார்சியாவுக்கு யாராவது வந்தால் அவர்களை அட்லாண்டிக்கில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்கு அனுப்புவது என்று 2024 அக்டோபரில் ஒப்பந்தமானது. நெப்போலியனை வைத்திருந்த அதே தீவு. ஒதுக்கிவைப்பதற்கு இடம் தேடும்போது பேரரசுகளுக்கு மறதி வருவதில்லை. இதுவும் இடைக்கால ஏற்பாடுதான். அதே மாதம் 3ஆம் தேதி, படகு வந்து சரியாக மூன்று ஆண்டுகள் நிறைந்த அன்று, சாகோஸின் இறையாண்மையை மொரீஷியஸிடம் ஒப்படைப்பதாகப் பிரிட்டன் அறிவித்தது. 2025 மே 22 அன்று அதற்கான உடன்படிக்கை கையெழுத்தானது. ராணுவத் தளம் 99 ஆண்டுக் குத்தகையில் அப்படியே நீடிக்கும். உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபின் அங்கே ஒதுங்கும் படகுகளுக்கு மொரீஷியஸ் பொறுப்பு.

மொரீஷியஸும் 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு.